பீரங்கிக் கப்பலும் அரிசித் தோணியும்

நங்கநல்லூரில் ஏதாவது ஓர் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஏறி வடக்கே திரும்பினால் பரங்கிமலை தெரியும். சுமார் 300 அடி உயரம்தான். சுற்றிலும் சமதரை என்பதால் அந்த உயரமே பெரிதாகப்படும். மலை உச்சியில் நிற்பவருக்கு, வானம் தெளிந்த நாளில், கிழக்கே கட்டடக் கூட்டத்துக்கு அப்பால் வங்கக் கடல் ஒரு நீலக் கோடாகத் தென்படும். கடலிலிருந்து வந்தவர்களுக்கோ இந்த மலைதான் கண்ணில்படும் அடையாளம். மேடு பள்ளம் இல்லாத இந்தக் கரையில் சென்னை எங்கே இருக்கிறது என்று தேடிய பாய்மரக் கப்பல்காரர்கள் பரங்கிமலையைப் பார்த்துத் திசை தெளிந்தார்கள்.

1782 பிப்ரவரி 15ஆம் தேதி அந்த உச்சியில் யாராவது நின்றிருந்தால், பாய் விரித்த பெரிய கப்பல்களின் கூட்டம் ஒன்று புனித ஜார்ஜ் கோட்டைக்கு எதிரே வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கலாம். பிரெஞ்சுக் கொடி ஏந்திய 12 போர்க்கப்பல்கள். அவற்றோடு படைவீரர்களையும் தளவாடங்களையும் சுமந்து வந்த துணைக் கப்பல்கள். கோட்டைப் பீரங்கிகளின் பாதுகாப்பில் ஒன்பது ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நங்கூரம் போட்டிருந்தன. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 மாலை, இந்த இரண்டு கூட்டமும் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே மோதின. ஐரோப்பியர்கள் அந்த ஊரைச் சத்ராஸ் என்றார்கள். கடற்போர் வரலாற்றிலும் அந்தப் பெயரே நிலைத்தது. அதன்பின் சுமார் பதினாறு மாதத்தில் இந்த இரு கூட்டங்களின் தளபதிகளும் இன்னும் நான்கு முறை நேருக்கு நேர் நின்றார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் இரண்டு சண்டை, நாகப்பட்டினத்தில் ஒன்று, கடலூரில் ஒன்று.

ஐந்தில் மூன்று தமிழ்நாட்டுக் கரையோரம் நடந்தவை. ஆனாலும் இவை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. கடலில் பீரங்கி முழங்கிய அந்த நாட்களில் கரையில் பல வீடுகளில் உலை வைக்க அரிசி இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது நம் ஊர் வரலாறாகும்.

சண்டைக்கான தீ அமெரிக்காவில் மூண்டது. பிரிட்டனிடமிருந்து விடுபடப் போராடிய அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் பிரான்ஸ் 1778இல் சேர்ந்தது. செய்தி கிடைத்த கையோடு சென்னைக் கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு, அந்த ஆண்டு அக்டோபரில் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு மேற்குக் கரையிலிருந்த மாஹேயையும் பிடித்தது. மைசூருக்கு ஆயுதமும் வெடிமருந்தும் வந்து இறங்கிய துறை மாஹே. தன் பாதுகாப்பில் இருக்கும் ஊர் என்று மைசூரை ஆண்ட ஹைதர் அலி முன்கூட்டியே எச்சரித்திருந்தும் ஆங்கிலேயர் கேட்கவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து ஆற்காட்டுச் சமவெளிக்குள் இறங்கியது.

அடுத்த மாதமே அவருடைய குதிரைப்படை சாந்தோம், பரங்கிமலைப் பகுதி வரை வந்து சூறையாடியது. மலையடிவாரத்தில் திரண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோவின் படை அங்கிருந்துதான் காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டது. செப்டம்பர் 10ஆம் தேதி பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நவம்பரில் ஆற்காடு ஹைதர் கைக்குப் போனது. சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களில் பயிர் எரிந்தது. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. உயிர் தப்பியவர்கள் நகரத்துக்குள் குவிந்தார்கள்.

அப்படிக் குவிந்தவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? செங்கல்பட்டுச் சீமையின் ஏரிப்பாசன நெல் இல்லை. மாட்டுவண்டி வரும் சாலை இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி கடல். வங்காளத்திலிருந்தும் வடக்கே ஆந்திரக் கரைத் துறைகளிலிருந்தும் அரிசி ஏற்றிய கப்பல்களும் தோணிகளும் வந்தால்தான் நகரம் சாப்பிடும், படையும் சாப்பிடும். ஆகவே சோழமண்டலக் கடல் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி அரிசி விலையைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிட்டது.

இது சென்னைக்குப் புதிய அனுபவம் இல்லை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. இரண்டு மாதம் கோட்டைச் சுவர்கள் அடி வாங்கின. 1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையிலும் சண்டை நடந்தது. முடிவு சொன்னது கடல்தான். பிப்ரவரி 16 மாலை உதவிப் படையுடன் ஆறு ஆங்கிலேயக் கப்பல்கள் தொடுவானத்தில் தெரிந்தன. மறுநாள் லாலி முற்றுகையைக் கைவிட்டுப் புறப்பட்டார்.

1781 தொடக்கத்தில் அதே பாடம் திரும்ப நடந்தது. கடலூர் அருகே ஆங்கிலேயத் தளபதி ஏர் கூட்டின் படை உணவின்றித் தவித்தது. தரைப் பக்கம் ஹைதர் சூழ்ந்திருந்தார். கடல் பக்கம் தோர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள் நின்றன. இன்னும் சில நாள் கடலை அடைத்து நின்றிருந்தால் கூட்டின் படை பட்டினியால் பணிந்திருக்கும். இருக்கும்படி ஹைதர் வற்புறுத்தியும் கேளாமல், பிப்ரவரி நடுவில் தோர்வ் தன் கப்பல்களை இன்றைய மொரிஷியசான பிரெஞ்சுத் தீவுக்குத் திருப்பிக் கொண்டுபோனார். கடல்வழி அரிசி வந்தது. கூட் பிழைத்தார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடிக்கவும் செய்தார்.

கப்பலில் வந்த அரிசி கரை சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போடும். இடையில் இருப்பது அடுக்கடுக்காக உடையும் அலை. ஐரோப்பியக் கப்பல்களின் ஆணியடித்த படகுகள் அந்த அலையில் சிக்கினால் பலகை பலகையாகப் பிரிந்துவிடும். அலையைத் தாண்டத் தெரிந்தது சலங்குதான். மசூலாப் படகு என்றும் அதைச் சொல்வார்கள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு முழுவதும் சற்று வளைந்து கொடுக்கும், உடையாது. மீனவர்கள் நீண்ட துடுப்புகளைப் பிடித்து, அலையின் கணக்கை எண்ணி, சரியான நொடியில் ஒரே மூச்சாக வலிப்பார்கள். பக்கத்திலேயே கட்டுமரத்தில் ஓரிருவர் வருவார்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கிப் போட. கவர்னர் வந்தாலும், பீரங்கி வந்தாலும், அரிசி மூட்டை வந்தாலும் கடைசி மைல் சலங்கில்தான். சென்னை என்ற நகரம் இரண்டரை நூற்றாண்டு காலம் இந்த மீனவர்களின் தோள்வலிமையில் இறங்கி ஏறியது.

தோர்வ் விட்டுப்போன வேலையை முடிக்க வந்தவர் பியர் ஆந்த்ரே த சுஃப்ரேன். தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் 1729இல் பிறந்தவர். பருத்த உடல், தாறுமாறான உடை, எரிமலைக் கோபம். மால்டா வீரத் துறவிகளின் சபையிலும் இருந்தவர். எதிரியைக் கண்டால் நெருங்கிப் போய் அடிப்பதே கடற்படையின் வேலை என்ற எண்ணம் அவருக்கு ஆழமாக இருந்தது. 1781 டிசம்பரில் தோர்வ் தலைமையில் பிரெஞ்சுத் தீவிலிருந்து கப்பல் கூட்டம் கிளம்பியது. வழியில் ஹனிபால் என்ற ஆங்கிலேயக் கப்பல் தனியாகச் சிக்கியது. தங்களிடம் ஏற்கெனவே ஓர் அனிபால் இருந்ததால், பிடிபட்டதைச் சின்ன அனிபால் என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். நோயுற்றிருந்த தோர்வ் பிப்ரவரி 9ஆம் தேதி கடலிலேயே இறந்தார். ஆறு நாள் கழித்துச் சென்னைக்கு எதிரே வந்து நின்ற கப்பல் கூட்டத்தின் முழுப் பொறுப்பும் சுஃப்ரேனுடையது.

எதிரே நின்றவர் சர் எட்வர்ட் ஹியூஸ். நிதானமானவர், கப்பலோட்டுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். டச்சுக்காரர்களும் பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்திருந்ததால், 1781 நவம்பரில் அவர்களிடமிருந்து நாகப்பட்டினத்தையும், 1782 ஜனவரியில் திருகோணமலையையும் பிடிக்க உதவிவிட்டு அப்போதுதான் சென்னை திரும்பியிருந்தார். டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினமும் முந்தைய ஆண்டே ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது.

இந்தக் கப்பல்களை இன்றைய கண்ணால் அளக்க முடியாது. ஹியூஸின் சூப்பர்ப், சுஃப்ரேனின் ஏரோ இரண்டுமே 74 பீரங்கிக் கப்பல்கள். கீழ்த்தட்டுப் பீரங்கி ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட மூன்று டன் எடை. ஆங்கிலேயக் கப்பலில் அது எறியும் குண்டு 32 ராத்தல், அதாவது பதினாலரை கிலோ இரும்பு. ஒரு கப்பலில் சுமார் 600 பேர். தார் பூசிய மரம், கயிறு, கித்தான், வெடிமருந்து. இத்தனையையும் நகர்த்துவது காற்று மட்டுமே. காற்று விழுந்தால் 74 பீரங்கியும் இருந்த இடத்தில் நிற்க வேண்டியதுதான். காற்று வரும் திசையில் இருப்பவன் சண்டையை எப்போது, எங்கே தொடங்குவது என்று முடிவு செய்யலாம். எதிர்ப்பக்கம் இருப்பவன் காத்திருக்க வேண்டும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நம் மீனவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்து வாழ்ந்த அதே கணக்குத்தான் இந்தத் தளபதிகளின் கணக்கும்.

கோட்டைப் பீரங்கிகளுக்கு அடியில் நின்ற ஒன்பது கப்பல்களை அங்கேயே தாக்குவது நஷ்டத்தில் முடியும் என்று சுஃப்ரேன் தெற்கே திரும்பினார். ஹியூஸ் உடனே நங்கூரம் தூக்கிப் பின்தொடர்ந்தார். இரவு இருட்டில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களும் துணைக் கப்பல்களும் பிரிந்துபோயின. 16ஆம் தேதி விடிந்ததும் ஹியூஸ் துணைக் கப்பல்கள் மீது பாய்ந்து ஆறைப் பிடித்தார். அவற்றில் ஐந்து, பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பறித்திருந்த ஆங்கிலேயக் கப்பல்கள். ஆறாவதில் பிரெஞ்சுப் படைவீரர்களும் பீரங்கிகளும் வெடிமருந்தும் இருந்தன. சுஃப்ரேன் துரத்தி வந்தார். மறுநாள் பிற்பகலில், சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே, இருவருக்கும் இடையே தூரம் இல்லாமல் போயிற்று.

வடகிழக்கிலிருந்து மெல்லிய வாடை. சுஃப்ரேன் காற்றுப் பக்கம். ஹியூஸ் அதற்குக் கீழே. அன்றைய போர் விதிப்படி இரு தரப்பும் நீளமாக வரிசை கட்டி, கப்பலுக்குக் கப்பல் இணையாக நின்று சுட வேண்டும். பெரும்பாலும் இரு தரப்பும் நொறுங்கி, முடிவு எதுவும் இல்லாமல் பிரிவார்கள். சுஃப்ரேன் வேறு வழி யோசித்திருந்தார். ஒன்பது கப்பல் வரிசையின் முன்பக்கத்து நாலு கப்பல்களை விட்டுவிடுவது. பின்னால் இருக்கும் ஐந்தின் மேல் தன் பலத்தையெல்லாம் குவித்து, இரு பக்கமும் சூழ்ந்து அடிப்பது. மெல்லிய காற்றில் முன்னணிக் கப்பல்கள் திரும்பி வந்து உதவுவதற்குள் வேலை முடிந்துவிடும். 1805இல் டிராஃபால்கரில் நெல்சன் எதிரி வரிசையை வெட்டி ஒரு பகுதியின் மேல் பாய்ந்து வெற்றி கண்டதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய நம் கல்பாக்கம் கடலில் அந்த யோசனையின் ஒரு வடிவம் சோதிக்கப்பட்டது.

நாலு மணி வாக்கில் தொடங்கியது. வரிசையின் கடைசியில் வந்த எக்ஸிட்டர் என்ற 64 பீரங்கிக் கப்பல் முதலில் மாட்டிக்கொண்டது. ஒன்று மாற்றி ஒன்றாகப் பிரெஞ்சுக் கப்பல்கள் அதன்மேல் சுட்டன. கப்டன் ரெனால்ட்ஸ் அங்கேயே இறந்தார். அந்தக் கப்பலில் இருந்த கமடோர் ரிச்சர்ட் கிங்கிடம் இனி என்ன செய்வது என்று கேட்டார்கள். மூழ்கும்வரை சண்டை போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் சொன்னதாக ஆங்கிலேயக் கடற்படை நினைவில் வைத்திருக்கிறது. நடுவில் சூப்பர்பும் அடி வாங்கியது. அதன் கப்டன் ஸ்டீவன்ஸ் படுகாயமுற்று இறந்தார். நீர்மட்டத்துக்குக் கீழே துளைத்த குண்டுகளால் கப்பலின் வயிற்றில் தண்ணீர் ஏறியது.

ஆனால் சுஃப்ரேனின் திட்டம் பாதிதான் நடந்தது. எதிரியின் மறுபக்கத்தைச் சூழ வேண்டிய கப்பல்களில் இரண்டே இரண்டுதான் போய்ச் சேர்ந்தன. பின்னால் இருந்த கப்டன்கள் பலர் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். ஆறு மணிக்குக் காற்று மாறியது. தென்கிழக்கிலிருந்து மழையோடு ஒரு சூறை அடித்து, ஆங்கிலேயக் கப்பல்களின் முகத்தைத் திருப்பிவிட்டது. அதுவரை வேடிக்கை பார்க்க மட்டுமே முடிந்த முன்னணி நாலு கப்பல்களுக்கும் இப்போது சண்டைக்குள் வர வழி கிடைத்தது. இருட்டும் சூழ்ந்தது. சுஃப்ரேன் விலகினார்.

ஆங்கிலேயர் தரப்பில் 32 பேர் இறந்தனர், 95 பேர் காயமடைந்தனர். பிரெஞ்சுத் தரப்பில் ஏறத்தாழ 30 பேர் இறந்தனர், 100 பேர் காயமடைந்தனர். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒரு போர்க்கப்பலும் பிடிபடவில்லை. ஹியூஸ் பழுது பார்க்கத் திருகோணமலைக்குப் போனார். அந்த இடைவெளிதான் சுஃப்ரேனுக்கு வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையில் சுமார் 3,000 பிரெஞ்சு வீரர்களை இறக்கி ஹைதரோடு சேர்த்தார். ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் அவர்கள் கைக்கு வந்தது.

அடுத்த மோதல் ஏப்ரல் 12ஆம் தேதி, இலங்கையின் கிழக்குக் கரையில் புரோவிடியன் என்ற சிறு தீவின் அருகே. ஐந்தில் இரத்தம் அதிகம் சிந்தியவற்றில் ஒன்று. இரு தரப்பிலும் சேர்த்து 270க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகின் மறுபக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளில், இன்னொரு பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயரிடம் பெருந்தோல்வி கண்டதும் அதே நாள்தான்.

ஜூலை 6ஆம் தேதி நாகப்பட்டினத்தில் காற்றின் விளையாட்டு இன்னும் வெளிப்படையாக நடந்தது. காலையில் தென்மேற்குக் கச்சான். இரண்டு வரிசையும் ஒழுங்காக நின்று சுட்டுக்கொண்டிருந்தன. நண்பகல் தாண்டியதும், அந்தக் கரையில் பிறந்த எந்த மீனவரும் எதிர்பார்த்திருக்கக் கூடிய கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழுந்தது. வரிசைகள் சிதறின, கப்பல்கள் திசைக்கொன்றாகத் திரும்பின. அந்தக் குழப்பத்தில் செவேர் என்ற பிரெஞ்சுக் கப்பலின் கப்டன் மனம் தளர்ந்து கொடியை இறக்கிவிட்டார். அவருடைய அதிகாரிகள் ஏற்கவில்லை. சண்டை தொடர்ந்தது, கொடி மறுபடி ஏறியது. அன்று பிரெஞ்சுத் தரப்பில் 178 பேரும் ஆங்கிலேயர் தரப்பில் 77 பேரும் இறந்தார்கள். உத்தரவுக்குக் கட்டுப்படாத கப்டன்கள் சிலரைப் பதவி நீக்கிய சுஃப்ரேன், உடைந்த பாய்மரங்களைக் கடலூரில் கிடைத்த மரங்களைக் கொண்டே சரிசெய்தார். அந்த மாதக் கடைசியில் அவரைப் பார்க்க ஹைதர் தன் படையோடு கடலூர் அருகே வந்து மரியாதை செய்தார்.

அதே கடலூரில் ஒரு கறையும் படிந்தது. பிரெஞ்சுக் கப்பல்களில் இருந்த ஆங்கிலேயக் கைதிகளை மாற்றிக்கொள்ள சென்னைக் கவர்னர் மெக்கார்ட்னி இணங்கவில்லை. அவர்களுக்குச் சோறு போட சுஃப்ரேனிடம் வழியில்லை. நூற்றுக்கணக்கானவர்களை அவர் ஹைதரிடம் ஒப்படைத்தார். மைசூர்ச் சிறைகளில் அவர்கள் பட்ட பாட்டுக்காக ஆங்கிலேயர் அவரை நெடுங்காலம் மன்னிக்கவில்லை. கைதிக்குக் கூட அரிசி இல்லாத ஆண்டு அது.

ஆகஸ்ட் இறுதியில் சுஃப்ரேன் திருகோணமலையைப் பிடித்தார். ஹியூஸ் சில நாள் தாமதமாக வந்து சேர்ந்தார். செப்டம்பர் 3ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே நாலாவது சண்டை. சுஃப்ரேனின் ஏரோ நடுப்பாய்மரத்தை இழந்தும் பணியவில்லை. அதுவும் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. இந்தக் கரையில் இயற்கையான துறைமுகம் இப்போது பிரெஞ்சுக்காரர் கையில். ஹியூஸுக்கு இருந்தது சென்னையின் திறந்த கடல் மட்டும்.

இங்கேதான் கதை கரைக்குத் திரும்புகிறது. 1782இன் பிற்பகுதியில் சென்னை பசியின் உச்சத்தில் இருந்தது. வயல் தரிசாகி இரண்டாண்டு ஆகிவிட்டது. வங்காள அரிசிக் கப்பல்கள் பிரெஞ்சுக் கப்பல்களுக்குப் பயந்து வந்தன. தெருவில் விழுந்து கிடந்தவர்களை வண்டியில் ஏற்றிப் போய்ப் புதைத்தார்கள். ஐப்பசி பிறக்கப்போகும் நேரம். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் சென்னைக் கடலில் எந்தக் கப்பலும் நிற்க முடியாது. அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரத்தில் கொடியை இறக்கி, டிசம்பர் நடுவில் மறுபடி ஏற்றுவது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் கப்பல் வந்தால் அதன் பாடு. 1746 அக்டோபரில், சென்னையைப் பிடித்துவிட்டு நின்ற லாபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஒரே இரவுப் புயலில் சிதறி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூழ்கியதை ஊர் மறந்திருக்கவில்லை.

கவர்னர் மெக்கார்ட்னி பிரபு ஹியூஸைப் போகவேண்டாம் என்று கேட்டார். கடற்படை போய்விட்டால் அரிசிக் கப்பல்களுக்கு யார் காவல்? ஹியூஸ் மறுத்தார். தன் கப்பல்களைக் காப்பாற்ற வேண்டும் என்றார். அக்டோபர் 15ஆம் தேதி பம்பாய்க்குப் புறப்பட்டார். அன்றிரவே புயல் அடித்தது. ஹியூஸின் கப்பல்கள் பாய்மரம் முறிந்து, சிதறி, தட்டுத்தடுமாறி டிசம்பரில் பம்பாய் சேர்ந்தன. சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் அந்த வாய்ப்பும் இல்லை. அரிசி ஏற்றி வந்தவை கரையில் மோதி உடைந்தன. பசித்த நகரத்தின் கண்ணெதிரே மூட்டைகள் உப்புத் தண்ணீரில் கரைந்தன. நடந்த கடற்சண்டைகளைவிட இந்த ஒரு இரவு சென்னை மக்களுக்குச் செய்த கேடு அதிகம்.

அந்தப் பஞ்சத்தில் வடசென்னையில் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தது. கிராம மணியக்காரர் ஒருவர் மேற்பார்வையில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்ததால் மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் வந்தது. போரினால் பிறந்த அந்தத் தொட்டி போர் முடிந்த பிறகும் மூடப்படவில்லை.

1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் அருகே ஹைதர் அலி இறந்தார். மழைக்காலத்தைச் சுமத்ராவின் அச்சேயில் கழித்த சுஃப்ரேன், ஒரிசாக் கரையில் வணிகக் கப்பல்களைப் பறித்துக்கொண்டே திரும்பினார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேய முற்றுகையில் சிக்கியது. சுஃப்ரேனிடம் 15 கப்பல்கள், ஆள் பற்றாக்குறை வேறு. கரையிலிருந்து 1,200 பேர் கப்பலேறினார்கள்; அவர்களில் இந்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். கப்பல் தட்டில் நின்று பழகாதவர்கள் பிரெஞ்சுப் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று வெடிமருந்து கொடுத்தார்கள். ஜூன் 20ஆம் தேதி, 18 கப்பல்களோடு வந்த ஹியூஸ் மூன்று மணி நேரச் சண்டைக்குப் பின் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அவருடைய மாலுமிகள் பலர் சொறிகரப்பான் நோயால் படுத்திருந்தார்கள், குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அன்று இரு தரப்பிலும் சேர்ந்து 201 பேர் இறந்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து வெள்ளைக் கொடியோடு ஓர் ஆங்கிலேயக் கப்பல் செய்தி கொண்டுவந்தது. ஐரோப்பாவில் சமாதான முன்னொப்பந்தம் ஜனவரி 20ஆம் தேதியே கையெழுத்தாகிவிட்டது. அதாவது ஐந்து மாதத்துக்கு முன்பு. பாய்மர வேகத்தில் வந்த செய்தி, அந்த 201 பேருக்கு ஒன்பது நாள் தாமதம்.

உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியது. திருகோணமலை டச்சுக்காரர்களிடம் போனது. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். ஐந்து சண்டையில் இரு தரப்பும் ஒரு போர்க்கப்பலைக் கூட எதிரியிடம் இழக்கவில்லை. சுஃப்ரேனின் ஐந்து சண்டைகளும் பின்னாளில் கடற்படைப் பள்ளிகளில் பாடமாயின. அமெரிக்கரான மஹான் கடல் வல்லமை பற்றி 1890இல் எழுதிய புகழ்பெற்ற நூலில் அவற்றுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். புதுச்சேரியில் சுஃப்ரேன் பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது.

நம் மொழியிலும் சாட்சி இல்லாமல் இல்லை. 1746ஐயும் 1758ஐயும் அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உதவுவது போல, இந்த ஆண்டுகளை அறியப் புதுச்சேரி இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு இருக்கிறது. 1778 முதல் 1792 வரை தமிழில் எழுதப்பட்டது. அமெரிக்கப் போரின் அலை நம் கரையில் மோதிய காலம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. கடற்சண்டையை ஆங்கில நூல்களில் தேடுகிற நம் மாணவர்கள் முதலில் கையிலெடுக்க வேண்டிய நூல் அது.

நங்கநல்லூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் மாமல்லபுரம் தாண்டிச் சதுரங்கப்பட்டினம். கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர். தொல்லியல் துறையின் காவலில் டச்சுக் கோட்டையின் செங்கல் மதிலும் பண்டகசாலைகளும் நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைப் பலகைகளும் இருக்கின்றன. மெல்லிய துணி ஏற்றுமதிக்குப் பெயர் போன ஊர். 1754இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசக் கூடிய பொது இடமும் இதுதான். கோட்டைக்குப் பின்னால் கடல். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் தெரிவது 1782 பிப்ரவரி 17 மாலை 21 கப்பல்கள் புகைமூட்டத்தில் மறைந்து நின்ற நீர்ப்பரப்பு.

சென்னையில் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித்தொட்டியை ஒட்டி 1799இல் ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. வளர்ந்து வளர்ந்து, 1938இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, அது ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்.